காசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ்: 4294967297-ஐக் கொடுத்துப் பார்த்தால்

பொறியியல் மாணவர்களிடையே நன்கு பழகிப்போன காசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் கால்குலேட்டரில், பலர் தொட்டுக்கூடப் பார்க்காத வசதி ஒன்று உண்டு. ஓர் எண்ணை அடித்துச் சமக்குறியை அழுத்தியபின், ஷிஃப்ட் விசையையும் பாகை, நிமிடம், நொடிக்கான விசையையும் அழுத்தினால், அந்த எண் பகாக் காரணிகளாகப் பிரிந்து திரையில் வரும். இம்மதிப்புரை அந்த வசதியைப் பற்றியது மட்டுமே.

பத்து இலக்கம் வரையுள்ள எண்களையே இது பிரிக்கும் என்பதால், சோதித்துப் பார்க்க 4294967297 மிகப் பொருத்தமானது. 2-இன் 32ஆம் அடுக்குடன் ஒன்றைக் கூட்டினால் வரும் இந்த எண்ணைப் பகா எண் என்றே 17ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 641 இதை மீதியின்றி வகுக்கும் என்று 1732-இல் மற்றொரு கணிதவியலாளரான ஆய்லர் காட்டினார். ஆய்லரின் அந்த 641-ஐக் கால்குலேட்டர் சரியாகவே கண்டுபிடித்து, மிச்சமுள்ள 6700417-ஐ அடைப்புக்குறிக்குள் வைத்துக் காட்டுகிறது.

கவனிக்க வேண்டியது அந்த அடைப்புக்குறியைத்தான். மூன்று இலக்கப் பகா எண்கள் வரை மட்டுமே வகுத்துப் பார்க்கும் இக்கருவி, மிகச் சிறிய நான்கு இலக்கப் பகா எண்ணான 1009-இன் வர்க்கமான 1018081-ஐ எட்டுகிற அல்லது தாண்டுகிற எந்த மிச்சத்தையும் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிடுகிறது. 1009-ஐயும் 1013-ஐயும் பெருக்கி வரும் 1022117 பகு எண். 2147483647 பகா எண் என்பதை ஆய்லரே 1772-இல் நிறுவிவிட்டார். இரண்டுக்கும் திரையில் ஒரே மரியாதைதான். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாத நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் பயனர் கையேட்டைப் புரட்டாத மாணவர் அந்த அடைப்புக்குறியை வெறும் அலங்காரம் என்று எண்ணிவிட வாய்ப்புண்டு.

6700417 பகா எண்தானா என்பதை இதே கருவியைக் கொண்டு உறுதிசெய்ய முடியும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 4294967297-இன் எந்தப் பகாக் காரணியும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என்பது ஆய்லர் கண்ட வழி. 6700417-இன் காரணிகளுக்கும் அது பொருந்தும். அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டுவதாலும், மூன்று இலக்கப் பகா எண்களைக் கருவி ஏற்கெனவே பார்த்து முடித்துவிட்டதாலும், நாம் வகுத்துப் பார்க்க எஞ்சியிருப்பவை 1153, 1217, 1409, 1601, 2113 ஆகிய ஐந்து மட்டுமே. 1153-ஆல் வகுத்தால் ஈவு 5811, மீதி 334. மற்ற நான்கும் மீதியின்றி வகுப்பதில்லை. ஆகவே 6700417 பகா எண்ணே.

எண்ணியல் படிக்கத் தொடங்குபவருக்கு இந்த வசதி தாராளமாகப் போதும். 4294967297-ஐப் போன்ற எண்களை ஃபெர்மா எண்கள் என்பார்கள்; அவற்றில் அடுத்ததான, 2-இன் 64ஆம் அடுக்குடன் ஒன்றைக் கூட்டி வரும் 18446744073709551617-க்கு இருபது இலக்கங்கள் இருப்பதால் இதில் பிரிக்க வழியில்லை. அதற்குக் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் பாரி/ஜிபி மென்பொருளை நாடுவதே சரி.