விளம்பரம் முடிந்தால் கழுத்துப் பிடி

‘ரா இப்ப நல்லாயிருக்காமே, திரும்பப் பார்க்க ஆரம்பிக்கலாமா?’ என்று நண்பன் கேட்டான். ரா என்றால் டபிள்யூடபிள்யூஇ கம்பெனியின் வாராந்தர டிவி மல்யுத்த நிகழ்ச்சி. 1996இல் ஹல்க் ஹோகன் வில்லனாக மாறிய காலத்திலிருந்து விட்டும் தொட்டும் பார்த்து வருகிறவன் நான். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

அடி நிஜமா பொய்யா என்ற பஞ்சாயத்து இங்கே வேண்டாம். ‘இது வெறும் பொழுதுபோக்கு’ என்று 1989இலேயே நியூ ஜெர்சி செனட்டில் கம்பெனிக்காரர்களே சொல்லிவிட்டார்கள். என் வயிற்றெரிச்சல் வேறு.

ஒருவன் கயிற்றைத் தாண்டி வெளியே நிற்பவன் மேல் பாய்கிறான். கமெண்டரியில் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். உடனே விளம்பரம். முடிந்து திரும்பினால் ரிங் நடுவில் ஒருவன் உட்கார்ந்திருக்க, இன்னொருவன் பின்னாலிருந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பான். எந்த வருஷம், எந்த ஆள் என்றில்லை, இதே காட்சிதான். சில ஒளிபரப்புகளில் இடைவேளையின்போது மேட்ச்சைச் சின்னக் கட்டத்தில் சத்தமில்லாமல் ஓட்டினார்கள். அந்தப் பிடி எப்படி ஆரம்பிக்கிறது என்பதை அதில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, மெதுவாக வந்து பிடித்துக்கொள்கிறான்.

மூச்சு வாங்கவும், அடுத்து என்ன செய்யலாம் என்று காதில் கிசுகிசுக்கவும்தான் அந்தப் பிடி என்று பிற்பாடு தெரிந்தது. அதிலிருந்து சனியன், அதையே உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். முடியை முன்னால் விழவிட்டு வாயை மறைப்பது, ரெஃப்ரி குனிந்து ‘விடுறியா?’ என்று கேட்கிற சாக்கில் நேரம் எவ்வளவு பாக்கி என்று சொல்லிவிட்டுப் போவது. அதே ரெஃப்ரி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கினால் எனக்கு உதறிவிடும். யாருக்கோ உண்மையிலேயே அடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

இந்த மல்யுத்தத்தின் செல்வாக்கு ஏன் சரிந்தது என்பதற்கு என் கணக்கு இதுதான்: ஒரு காலத்தில் பார்க்கிறவன் கையில் ரிமோட் இருந்தது. திங்கள்கிழமைகளில் ராவும், போட்டிக் கம்பெனியான டபிள்யூசிடபிள்யூவின் நைட்ரோவும் ஒரே நேரத்தில் மோதின. நைட்ரோ 83 வாரம் தொடர்ந்து ஜெயித்தது. 1999 ஜனவரி 4 அன்று, மல்யுத்த வீரர் மிக் ஃபோலி பட்டம் ஜெயிக்கப் போகிறார் என்று, முன்பே பதிவாகியிருந்த ராவின் முடிவை நைட்ரோ கமெண்டரியிலேயே கிண்டலாக உடைத்தார்கள். ஜனம் உடனே சேனலை மாற்றி ஃபோலியைப் பார்க்கப் போய்விட்டது. 2001 மார்ச்சில் ராவின் கம்பெனி நைட்ரோவின் கம்பெனியை வாங்கிவிட்டது. அதற்கப்புறம் எங்கே மாற்றுவது? போதாததற்கு 2012இல் ராவை மூன்று மணி நேரமாக்கினார்கள். கழுத்துப் பிடியும் அந்த அளவுக்குக் கூடிற்று!

ஆனால் ஒன்று. 2014இல், ரெசில்மேனியா என்கிற வருஷாந்தரப் பெரிய விழாவில் அதுவரை 21 முறையும் தோற்காத அண்டர்டேக்கர் ப்ராக் லெஸ்னரிடம் தோற்று, திரையில் 21-1 என்று வந்தபோது அந்த அரங்கமே ஊமையாகிவிட்டது. கூட்டத்தில் ஒருவர் கண் பிதுங்க, வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார். எல்லாம் எழுதி வைத்த கதை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அப்படித்தான் இருந்தோம். வேறு எந்த நிகழ்ச்சியும் என்னை இப்படி ஏமாற்றியதில்லை. 2019இல் ஏஇடபிள்யூ என்ற புதுக் கம்பெனி வந்ததும் போட்டி திரும்பியது, ரா நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது, கூட்டமும் திரும்பியிருக்கிறது. மல்யுத்தத் தரத்தை மட்டும் கேட்டால் இன்றைய ஆட்கள் அன்றைய பலரைவிடக் கெட்டிக்காரர்கள்.

இதையெல்லாம் நண்பனுக்கு எழுதிப் ‘பார்’ என்று முடிக்கத்தான் இருந்தேன். 2025 டிசம்பரில் ஜான் சீனாவின் கடைசி மேட்ச் ஞாபகம் வந்து தொலைத்தது. ‘விட்டுக்கொடுக்காதே’ என்று காலமெல்லாம் சட்டையில் போட்டுக்கொண்டு திரிந்த மனுஷன், குந்தரிடம் சிக்கி, ஒரு சிரிப்புச் சிரித்து, கையைத் தட்டி விட்டுக்கொடுத்தார். எந்தப் பிடியில்? பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்கிற பிடியில். முப்பது வருஷமாக நான் திட்டிக்கொண்டிருக்கும் அந்த விளம்பர இடைவேளைப் பிடியின் சொந்த அண்ணன்.

‘பார்க்காதே’ என்று பதில் போட்டுவிட்டேன். கோபம் ஆறினால் வேறு பதில் வரலாம். அதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டால் நான் பொறுப்பில்லை.