“எந்த விறகும் எரியும், புகையே வராது” என்று அடுப்பு விற்க வந்தால்

ராமநாதபுரம் கடலோர ஊர்களில் வண்டியில் வைத்துப் “புகையில்லா அடுப்பு” விற்கிறார்கள். எங்கள் வீட்டில் 6,500 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினோம். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். “வீட்டுக்குள்ளேயே வைங்க, ஜன்னல்கூட வேணாம்” என்று அவர்கள் சொன்ன ஒரு வார்த்தை என் மாமியார் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் பல ஊர்களுக்கு அந்த வண்டி போய்க்கொண்டுதான் இருக்கிறது.

கேஸ் இருக்கும்போது விறகடுப்பு எதற்கு என்று டவுனில் இருப்பவர்கள் கேட்பார்கள். கேஸ் எங்களிடமும் இருக்கிறது. ஆனால் நெல் அவிக்க, குளிக்க வெந்நீர் போட, விசேஷ நாளில் பெரிய தவலையில் சோறாக்க 14.2 கிலோ சிலிண்டரை வைத்துக்கொண்டு மாளாது. வாசலைத் தாண்டினால் சீமைக்கருவேலம் காடாகக் கிடக்கிறது. பனமட்டை, தேங்காய் மட்டை எல்லாம் சும்மா கிடைப்பவை. எனவே அடுப்பு எரிகிறது, அத்தை இருமுகிறார். அடுப்புப் புகை உள்ளிட்ட வீட்டுக் காற்று மாசால் 2020-ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. புகை குறைந்த அடுப்பு தேவைதான். அதை இப்போதும் சொல்வேன். இந்தத் தேவையை வைத்துத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள்.

விற்க வந்தவர்கள் இரண்டு இளைஞர்கள். பளபளவென்று வாளி மாதிரி ஒரு அடுப்பு, பக்கத்தில் சின்ன ஃபேன், சார்ஜ் போடும் பேட்டரி. ஒரு பையிலிருந்து விரல் நீளத்துக்கு உருண்டை உருண்டையாக எதையோ அள்ளிப் போட்டுப் பற்றவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மேலே வட்டமாக ஓட்டைகள் வழியே நீல நிறத்தில் சுடர். புகை என்ற பேச்சே இல்லை. பாத்திரத்தின் அடியைத் தொட்டுக் காட்டினார்கள், விரலில் கரி ஒட்டவில்லை. “கருவை விறகு, மட்டை, சாணி வறட்டி, கரி, எதை வேணா போடுங்க அக்கா. 70 பர்சன்ட் விறகு மிச்சம்” என்றான் ஒருவன். கூடவே லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்று, அரசு முத்திரையோடு.

அந்த உருண்டைகள் பெல்லட். மரத்தூளையும் கடலைத்தோலையும் எந்திரத்தில் அழுத்திச் செய்வது. ஒரே அளவு, ஈரம் மிகக் குறைவு. அதைப் போட்டால் அந்த அடுப்பு நன்றாகத்தான் எரியும், ஏனென்றால் அது பெல்லட்டுக்கென்றே செய்த அடுப்பு. வண்டியில் ஒரு மூட்டை கொடுத்துவிட்டுப் போனார்கள். அது தீர்ந்த பிறகு ஏர்வாடியிலும் கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் கேட்டுப் பார்த்தோம். எந்தக் கடையிலும் இல்லை.

அப்புறம் நம் விறகைப் போட்டோம். கருவை கோணல்மாணலாக வளரும் மரம், முள் வேறு. வெட்டிக் காய்ந்துவிட்டால் இரும்பு. அந்த அடுப்பின் வாய்க்குள் போக வேண்டுமென்றால் அதை இரண்டங்குலத் துண்டாக நறுக்க வேண்டும். அருவாளை வைத்துக்கொண்டு அறுபத்தைந்து வயது மனுஷி எத்தனை துண்டு நறுக்குவார்? அப்படியே நறுக்கிப் போட்டாலும், நடுவில் விறகு தீர்ந்தால் பாத்திரத்தை இறக்கித்தான் மேலே போட வேண்டும். கொதிக்கிற உலையை இறக்கி ஏற்றுவது பெரிய பாத்திரத்தில் நடக்கிற காரியமா? மீன் குழம்பு வைக்கும் மண்சட்டியின் உருண்டை அடி அந்த அடுப்பின் மேல் நிற்கவே இல்லை. சாய்ந்து ஒரு தடவை குழம்பு கொட்டியது. பனமட்டையைத் திணித்தால் குபீரென்று எரிந்து அடங்கிவிடும், சாம்பல் கட்டி கட்டியாகக் காற்றுத் துளைகளை அடைத்துக்கொள்ளும். துளை அடைத்ததும் பழைய அடுப்பைவிட அதிகமாகப் புகைந்தது.

இதில் வியக்க எதுவும் இல்லை. விறகைச் சூடாக்கினால் முதலில் எரிவாயு மாதிரி ஒரு ஆவி வெளியேறும். அந்த ஆவிக்குப் போதிய சூடும் மேலிருந்து காற்றும் கிடைத்தால் அது சுடராக எரிந்துவிடும், கிடைக்காவிட்டால் அதுதான் புகை. கரிக்கு இதெல்லாம் கிடையாது, அதற்குக் காற்று அடியிலிருந்து வர வேண்டும். அதனால்தான் நம் வீடுகளில் விறகுக்குத் தனியாக மண் அடுப்பும் கரிக்குத் தனியாகக் குமுட்டி அடுப்பும் மரத்தூளுக்குத் தனி அடுப்பும் வைத்திருந்தார்கள். ஒரே அடுப்பில் எல்லாமே புகையில்லாமல் எரியும் என்று யாராவது சொன்னால், எந்த எரிபொருளில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். ஒன்றுக்கு மேல் பதில் வந்தால் ஒவ்வொன்றுக்கும் அறிக்கை கேளுங்கள்.

இனி அத்தைக்கு நடந்தது. ஐப்பசி மழை, சாரல் அடிக்கிறது என்று அடுப்படிக் கதவைச் சாத்தியிருந்தார். சுடர் அடங்கி உள்ளே கங்கு மட்டும் கனன்றுகொண்டிருந்தது. புகை இல்லை, மணம் இல்லை, கதகதப்பாக இருக்கவே பக்கத்திலேயே உட்கார்ந்து மீன் ஆய்ந்திருக்கிறார். நான் போய்க் கதவைத் திறந்தபோது அருவாமனையைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தார். கூப்பிட்டால் முழித்துப் பார்க்கிறார், பேச்சு வரவில்லை. தூக்கித் திண்ணையில் கிடத்தியதும் வாந்தி எடுத்தார். மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்டதே, “மூடின ரூமுக்குள்ள கரி எரிச்சீங்களா?” என்பதுதான். ஆக்சிஜன் வைத்தார்கள். தலைவலி போகவே மறுநாள் ஆனது.

கங்கு மட்டும் எரியும்போது புகை வராது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் போய்ச் சேர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, அப்புறம் மயக்கம். தூக்கத்தில் என்றால் எழுந்திருக்கவே முடியாது. இப்படி மேலே பற்றவைத்து எரிக்கும் அடுப்புகளில் சுடர் முடிந்தபின் உள்ளே நிறையக் கரி மிஞ்சும், அதனால் கடைசிக் கட்டம்தான் ஆபத்தானது. எவ்வளவு நல்ல அடுப்பானாலும் சரி, கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கங்கை வெளியே கொட்டித் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். “ஜன்னல் வேணாம்” என்று விற்கிறவனை ஊருக்குள் விடாதீர்கள். அடுப்பு எரியாமல் போனதை ஏமாற்று என்று சொல்லலாம். இதற்கு அந்த வார்த்தை போதாது.

இன்னொன்றும் சொன்னார்கள். உடைந்த வத்தைப் (சிறு படகு) பலகை, கரையில் ஒதுங்கும் கட்டை எல்லாம் போடலாமாம். தயவுசெய்து போடாதீர்கள். உப்பு ஊறிய மரத்தை எரித்தால் அதிலுள்ள குளோரின் டையாக்சின் என்ற கொடிய நஞ்சாகக் கிளம்பும், அடுப்பின் தகட்டையும் அரிக்கும். பழைய படகுப் பெயின்டில் ஈயமும் இருக்கலாம். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதெல்லாம் அடுப்புக்கு ஆகாது.

தகடு பற்றிச் சொல்லிவிடுகிறேன். “ஃபுட் கிரேடு ஸ்டெயின்லெஸ்” என்று சொல்லிக் காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை பாருங்கள் என்று காட்டினார்கள். நம்பாதீர்கள். 304 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது. 304-ல் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், உப்புக் காற்றில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். எங்கள் அடுப்பின் வெளித்தகடு ஸ்டெயின்லெஸ்கூட இல்லை, வெள்ளி பெயின்ட் அடித்த சாதாரணத் தகடு. மழைக்காலம் முடிவதற்குள் அடிப்பாகம் பொரிந்து கையோடு வந்தது. ஃபேன் போர்டில் பச்சை பூத்துவிட்டது.

போன் போட்டேன். “உப்புக் காத்துக்கு வாரண்டி கிடையாது அக்கா” என்றான்.

“கடற்கரை ஊரில் வந்து விற்கும்போது தம்பி அதைச் சொல்லலையே?”

“நீங்க பெல்லட் போட்டிருக்கணும்.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த எண் எடுக்கப்படவே இல்லை.

சான்றிதழை போட்டோ எடுத்து வைத்திருந்ததால் பெரிதாக்கிப் பார்த்தோம். அறிக்கையில் இருந்த மாடல் எண் வேறு, எங்கள் அடுப்பில் ஒட்டியிருந்த எண் வேறு. அது ஃபேன் இல்லாத வேறொரு அடுப்பைச் சோதித்த அறிக்கை.

விறகு அடுப்புக்கு இந்தியத் தரநிலை ஒன்று இருக்கிறது, ஐஎஸ் 13152. 2013-ல் திருத்தியது. ஃபேன் இல்லாத அடுப்பு விறகின் வெப்பத்தில் குறைந்தது 25 சதவீதத்தையாவது பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும், ஃபேன் வைத்தது 35 சதவீதம். பாத்திரத்துக்குப் போகும் ஒரு மெகாஜூல் வெப்பத்துக்கு கார்பன் மோனாக்சைடு 5 கிராமுக்கு மேல் வரக் கூடாது. புகைத்தூள் ஃபேன் இல்லாததில் 350 மில்லிகிராம், ஃபேன் உள்ளதில் 150 மில்லிகிராம், அதைத் தாண்டக் கூடாது. ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதன் மேலே இந்தத் தரநிலை எண்ணும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் “பிஐஎஸ் கேர்” செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்தது, உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். விற்கிறவர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள்.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு, அவர்களை நிற்க வைத்தே செய்யலாம். 5 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 350 கிலோகலோரி வேண்டும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4,000 கிலோகலோரி இருக்கிறது. ஆக 35 சதவீத அடுப்புக்கு 250 கிராம் விறகு போதும், 25 சதவீத அடுப்புக்கு 350 கிராம். மூன்று கல் வைத்த அடுப்பு 10 முதல் 15 சதவீதம்தான் தரும், அதில் 600-லிருந்து 900 கிராம் வரை போகும். பக்கத்து வீட்டில் மீன் எடை போடும் தராசை வாங்கி வந்து நாங்கள் நிறுத்துப் பார்த்தோம். கருவை விறகில் எங்கள் புது அடுப்பு 650 கிராம் தின்றது. மண் அடுப்புக்கும் அதற்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. ஆகவே யார் வந்தாலும் உங்கள் விறகு, உங்கள் பாத்திரம், உங்கள் தராசு. அவர்கள் கொண்டுவந்த எரிபொருளில் காட்டும் வேடிக்கைக்கு மதிப்பே கொடுக்காதீர்கள்.

பச்சை விறகை எந்த அடுப்பில் வைத்தாலும் புகையும் என்பதையும் மறக்க வேண்டாம். புதிதாக வெட்டிய மரத்தில் பாதிக்குப் பாதி தண்ணீராகக்கூட இருக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 540 கிலோகலோரி வீணாகப் போகும். பிளந்து, மழைபடாமல், காற்றாட அடுக்கிக் காயவைத்தாலே பாதிப் புகை குறையும். நம் பக்கத்துக்கு ஃபேனும் பேட்டரியும் இல்லாத, பக்கவாட்டில் நீள விறகைத் தள்ளிக்கொண்டே எரிக்கிற அடுப்புதான் ஒத்துவரும் என்பது என் முடிவு. உள்ளே சூடு தாங்கும் களிமண் பூச்சு இருக்கட்டும், சூடு உள்ளேயே நின்றால்தான் ஆவி முழுதாக எரியும். கூரைக்கு மேலே போகும் புகைக்குழாய் இருந்தால் இன்னும் நல்லது.

எங்கள் புகார் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவாகியிருக்கிறது. அவர்கள் கொடுத்தது பில் இல்லை, “எஸ்டிமேட்” என்று எழுதிய துண்டுச்சீட்டு. ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. ஆனால் பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்தோம், அந்தப் பதிவும் சான்றிதழ் போட்டோவும் இப்போது ஆதாரமாக நிற்கின்றன. உதவி எண்ணில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நாங்கள் போகப் போகிறோம். இதே மாதிரி ஃபேன் வைத்த வெள்ளி நிற அடுப்பை வண்டியில் வாங்கியவர்கள் இருந்தால், இன்று ராத்திரியே அதைத் தூக்கி வெளித் திண்ணையில் வைத்துவிட்டு, பணம் அனுப்பிய பதிவைத் தேடி எடுத்து வையுங்கள். அடுப்பை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், ஆணையத்தில் பொருளைக் காட்டச் சொல்வார்கள்.