புள்ளிப் படமா, மூலக்கூறு ஆர்பிட்டாலா? ஆக்சிஜனிடம் கேட்டுப் பார்ப்போம்

பிளஸ் ஒன் வேதியியலில் எல்லோரையும் குழப்பும் இடம் இது. முதலில் லூயிஸ் முறைப்படி, அணுவின் வெளிக்கூட்டில் உள்ள ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் ஒரு புள்ளி வைக்கச் சொல்வார்கள், பழகி முடிப்பதற்குள் அதை ஓரம் கட்டிவிட்டு சிக்மா, பை ஆர்பிட்டால் (எலக்ட்ரான் மூலக்கூறு முழுக்கப் பரவி இருக்கும் இடம்) என்று புதுக்கணக்கு ஆரம்பித்துவிடும். எது சரி?

வேகத்தில் புள்ளிப் படத்தை அடிக்க ஆளில்லை. அம்மோனியாவுக்கு நைட்ரஜனிடமிருந்து 5, மூன்று ஹைட்ரஜனிடமிருந்து 3, ஆக 8 எலக்ட்ரான். மூன்று பிணைப்பு, பிணைப்பில் சேராத ஒரு தனித்த இரட்டை, வேலை முடிந்தது. அந்தத் தனித்த இரட்டை பிணைப்புகளைத் தள்ளுவதால் மூலக்கூறு தட்டையாக இல்லாமல் பிரமிடு மாதிரி இருக்கும் என்பதுவரை சொல்லிவிடலாம். குவாண்டம் இயக்கவியல் உருவாவதற்குச் சுமார் பத்து வருடம் முன்பே, 1916-இல், லூயிஸ் இந்தப் புள்ளி முறையை யோசித்தார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ஆனால் ஆக்சிஜனிடம் மாட்டிக்கொள்கிறது. 12 இணைதிற (வெளிக்கூட்டு) எலக்ட்ரான்களை வைத்து எண்ம விதிப்படி, அதாவது ஒவ்வோர் அணுவைச் சுற்றியும் எட்டு வரும்படி வரைந்தால் இரட்டைப் பிணைப்பு, எல்லாம் ஜோடி ஜோடியாக. ஜோடியில்லாத எலக்ட்ரான் இருந்தால்தான் காந்தம் இழுக்கும், அப்படியானால் ஆக்சிஜனை அது இழுக்கக் கூடாது. திரவ ஆக்சிஜனை வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஊற்றினாலோ அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது! சரி, ஒற்றைப் பிணைப்பு போட்டு ஆளுக்கொரு தனி எலக்ட்ரான் விட்டால்? காந்தம் சரியாகும், நீளம் உதைக்கும்: ஹைட்ரஜன் பெராக்சைடின் ஒற்றைப் பிணைப்பு சுமார் 148 பிக்கோமீட்டர், ஆக்சிஜனில் 121தான்.

ஆர்பிட்டால் கணக்கில் இந்தச் சிக்கலே இல்லை. அணுக்களைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்பு ஆர்பிட்டால்களில் 8, அந்தப் பிடியைத் தளர்த்தும் எதிர்பிணைப்பில் 4, வித்தியாசத்தில் பாதி 2, அதாவது இரட்டைப் பிணைப்பு. கடைசி இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே ஆற்றலுள்ள இரண்டு எதிர்பிணைப்பு ஆர்பிட்டால்களில் தனித்தனியாக உட்காருவதால் காந்தத்தன்மையும் வந்துவிடுகிறது. இன்னொன்று, ஆக்சிஜனிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கினால் பிணைப்பு தளராமல் 112-க்கு இறுகுகிறது. போனது எதிர்பிணைப்பு எலக்ட்ரான், பிணைப்பைக் கெடுத்துக்கொண்டிருந்த ஆசாமி. புள்ளிப் படத்தில் இதை எப்படிக் காட்டுவது?

அதற்காக எத்தனாலுக்கு யாரும் கையால் ஆற்றல் படம் வரைந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கரிம வேதியியலில் பெரும்பாலும் புள்ளியும் கோடும் போதும். காந்தம், அயனியின் பிணைப்பு நீளம் என்று கேள்வி வந்தால் மட்டும் நான் ஆர்பிட்டால் பக்கம் போவேன். அப்புறம் நைட்ரிக் ஆக்சைடு, மொத்தம் 11 இணைதிற எலக்ட்ரான். அதற்கு எண்ம விதிப்படி புள்ளி வைக்க உட்காராதீர்கள், ஒற்றைப்படையை எப்படிப் பிரித்தாலும் ஒன்று மிஞ்சும்.