பழைய வீடு வாங்கினா பூட்டை எப்படி மாத்தறது: சிலிண்டர் மட்டுமா, முழு பூட்டா, டிஜிட்டலா?

ரீசேல்ல வீடு வாங்கறவங்க பத்திரம், பட்டா, இபி பேர் மாத்தறதுன்னு எல்லாம் ஓடி ஓடி பார்ப்பாங்க, பூட்டை மட்டும் அப்படியே விட்டுடுவாங்க. அந்த சாவிக்கு எத்தனை டூப்ளிகேட் வெளிய சுத்துதுன்னு வித்த ஓனருக்கே தெரியாது. முன்ன வாடகைக்கு இருந்தவங்க, வேலைக்கு வந்த அக்கா, புரோக்கர், பெயிண்டர், யார்கிட்ட வேணாலும் ஒண்ணு இருக்கலாம். யாரையும் சந்தேகப்பட சொல்லல, ஆனா ராத்திரி புள்ளைங்க தூங்கற வீடு, மாத்தித்தான் ஆகணும்.

பெரம்பூர், கொளத்தூர் பக்கம் பிளாட்னா அனேகமா கைப்பிடியோட வர்ற மார்ட்டிஸ் பூட்டா இருக்கும், அதாவது கதவை குடைஞ்சு உள்ள பதிச்ச பூட்டு. இதுக்கு முழு செட்டையும் கழட்டி வீசணும்னு கடைல சொன்னா உடனே தலையாட்டாதீங்க. சாவி போடற சிலிண்டர் தனியா வரும். கதவோட ஓரத்துல, நாக்கு நீட்டற பட்டையில, சிலிண்டருக்கு நேரா ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும், அதை கழட்டிட்டு சாவிய போட்டு லேசா திருப்பி இழுத்தா சிலிண்டர் கைல வந்துடும், ஆசாரி கூட தேவையில்ல. அதையே எடுத்துக்கிட்டு கடைக்கு போங்க, ஏன்னா அளவு முக்கியம், 60 மில்லிமீட்டர், 70 மில்லிமீட்டர்னு வரும், ஸ்க்ரூ ஓட்டைல இருந்து ரெண்டு பக்கமும் தனித்தனியா அளக்கணும். வெளிப்பக்கம் துருத்திக்கிட்டு நிக்கற மாதிரி பெருசா போட்டா பிளையர் வச்சு ஒடைக்க வசதியாயிடும். வீட்ல வயசானவங்க இருந்தா உள்பக்கம் திருகு வச்ச சிலிண்டரா வாங்குங்க, அவசரத்துக்கு சாவி தேடாம வெளிய வரலாம். பாரிஸ் கார்னர் பக்கத்து ஹார்ட்வேர் கடைங்கள்ல நல்ல பித்தளை சிலிண்டரே கிடைக்குது, செலவும் முழு செட்டோட பார்த்தா ரொம்ப கம்மி.

அப்போ முழு பூட்டு எப்ப மாத்தணும்? கைப்பிடி தொங்குது, நாக்கு பாதிலயே மாட்டுது, உள்ள ஸ்பிரிங் போச்சுன்னா மாத்துங்க. பழசை விட புது பாடி பெருசா இருந்தா கதவை வெட்ட வேண்டி வரும், பிளஷ் டோரை, அதான் பிளைவுட் ஒட்டின தட்டைக் கதவை, ரெண்டு வாட்டி வெட்டினா அந்த எடமே பலம் போயிடும், அதனால அதே அளவா பார்த்து வாங்குங்க.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் பழைய தேக்கு இரட்டைக் கதவு இருக்கற வீடுன்னா கதை வேற. அந்த கதவை குடைஞ்சு மார்ட்டிஸ் போடறது பாவம், எனக்கு மனசு ஒப்பாது. நாதாங்கியும் திண்டுக்கல் பூட்டும் போதும், 2019ல புவிசார் குறியீடு வாங்கின பூட்டு அது. ஆனா திருடன் பூட்டை தொடவே மாட்டான், நாதாங்கியோட ஸ்க்ரூவைத்தான் நெம்புவான், அதனால சின்ன ஸ்க்ரூவை எடுத்துட்டு கதவு ஊடுருவற போல்ட்டு நட்டு போடுங்க. இதுல ஒரே குறை, வெளிய பூட்டு தொங்கினா ஆள் இல்லன்னு தெரு முழுக்க தெரியும்.

விரல் ரேகை, நம்பர் வச்சு திறக்கற டிஜிட்டல் பூட்டுக்கு கரண்ட் போனா கதவு திறக்காதுன்னு பயப்பட வேணாம், அது பேட்டரில ஓடுது, தீர்ந்தாலும் வெளியிலேந்து பவர் குடுக்க நிறைய மாடல்ல வழி இருக்கு. வேலைக்கு வர்றவங்களுக்கு தனி நம்பர் குடுத்து அப்புறம் அழிச்சிடலாம், அது நிஜமாவே வசதி. ஆனா பாத்திரம் துலக்கி தேஞ்ச விரலை சிலது படிக்காது, அவசரத்துக்குன்னு சாவி ஓட்டையும் இருக்கும், அந்த சாவி பத்திரமா இல்லன்னா இவ்ளோ காசு போட்டும் பழைய கதைதான். பழைய ஓனரே டிஜிட்டல் போட்டிருந்தா முதல்ல ரீசெட் பண்ணி அவங்க ரேகை, நம்பர் எல்லாத்தையும் அழிங்க.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்னு கடல் பக்கம் இருக்கறவங்க எது வாங்கினாலும் முலாம் பூசின இரும்பு வேணாம், உப்புக்காத்துல சீக்கிரம் துரு ஏறிடும். பித்தளை இல்லன்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதுலயும் 316ங்கற ரகம் கிடைச்சா வழக்கமா வர்ற 304 ரகத்தை விட உப்பை தாங்கும். சாவி இறுகினா தேங்காண்ணெய் ஊத்தாதீங்க, தூசி ஒட்டி இன்னும் அடைச்சுக்கும், கிராபைட் பவுடர் போடுங்க.

என்னை கேட்டா பிளாட்டுக்கு சிலிண்டர் மட்டும் மாத்தினா போதும், மிச்ச காசுல கிரில் கேட்டுக்கும் மொட்டை மாடி கதவுக்கும் நல்ல பூட்டு வாங்குங்க. பெயிண்டர், ஆசாரி, பிளம்பர் வேலை முடியற வரைக்கும் பழைய சிலிண்டரே இருக்கட்டும், அதுவரைக்கும் நகை பணம் எதையும் உள்ள வைக்காதீங்க, கடைசி ஆள் வேலை முடிச்சு கிளம்பின அன்னிக்கே புதுச போட்டுடுங்க.