ஒரே களைக்கொல்லி, இரண்டு தீர்ப்புகள்: கிளைபோசேட் சான்றுகள் எடைபோடப்பட்ட விதம்

2015 மார்ச்சில், உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருள்களுக்கான 2ஏ பிரிவில் சேர்த்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அப்பொருள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்புக் குறைவு என்று முடிவு செய்தது.

முகமை ஒரு பொருளின் தீங்கிழைக்கும் இயல்பை மட்டும் பார்க்கிறது, ஆணையமோ அது உடலில் சேரும் அளவையும் கணக்கில் கொள்கிறது என்பதே இம்முரண்பாட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இது பாதி உண்மைதான். ஆணையம் உட்கொள்ளும் அளவுக்கு வரம்புகளை வகுத்தது உண்மையே; ஆனால் புற்றுநோய் குறித்த அதன் முடிவும் அந்த இயல்பைப் பற்றியதாகவே இருந்தது. ஆகவே, சான்றுகளை எடைபோட்ட முறையில்தான் வேறுபாட்டைத் தேட வேண்டும்.

கருத்து மோதல் கூர்மையாக இருந்தது விலங்குச் சோதனைகளில். ஆண் சுண்டெலிகளில், மருந்தின் அளவு கூடக்கூடச் சிறுநீரக நுண்குழல் கட்டிகளும் கூடும் போக்கு ஓர் ஆய்வில் தென்பட்டது. இன்னோர் ஆய்வில் இரத்தக்குழாய்ப் புற்றுக்கட்டிகள் அவ்வாறு கூடின. முகமை இந்தப் போக்கைப் புள்ளியியல் முறையில் சோதித்து, விலங்குச் சான்று போதுமானது என்றது. ஆணையமோ மருந்து கொடுக்கப்பட்ட ஒவ்வொரு குழுவையும் கொடுக்கப்படாத குழுவோடு ஒப்பிட்டு, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும், கட்டிகள் மிக உயர்ந்த அளவுகளில்தான் தோன்றின என்றும், மற்ற ஆய்வுகளில் அதே விளைவு சீராக வெளிப்படவில்லை என்றும் வாதிட்டது. வழக்கமாக ஒரு குழுவில் ஒரு பாலுக்கு 50 விலங்குகளே இருக்கும் இத்தகைய ஆய்வுகளில், அரிய கட்டிகளைக் குழுவுக்குக் குழு ஒப்பிட்டால் உண்மையான விளைவும் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால், இங்கே முகமையின் முறையே வலுவானது என்று கருதுகிறேன். எனினும், ஆணையத்தின் கையில் அதிக ஆய்வுகள் இருந்தன என்பதையும், அவற்றுக்கிடையே சீர்மையைத் தேடியது நியாயமே என்பதையும் மறுக்க முடியாது.

மனிதச் சான்றைப் பொறுத்தவரை இடைவெளி சிறியது. ஹாட்ஜ்கின் அல்லாத நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்பு காட்டிய ஆய்வுகளை முகமை வரம்புக்குட்பட்ட சான்று என்றது. ஆணையம் அவற்றை மிகமிக வரம்புக்குட்பட்டவை என்றது. பின்னர் 2018இல், அமெரிக்காவில் பூச்சிக்கொல்லி தெளிப்போர் 54,251 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அப்புற்றுநோய்க்கும் கிளைபோசேட்டுக்கும் தொடர்பைக் காணவில்லை. ஆனால் 2019இல், அந்த ஆய்வையும் சேர்த்துக்கொண்ட ஒரு தொகுப்பாய்வு, மிக அதிகமாகப் பயன்படுத்தியோரிடம் நோய் வாய்ப்பு 41 விழுக்காடு கூடியிருப்பதாகக் கணித்தது. எவற்றைச் சேர்ப்பது, யாரை யாரோடு ஒப்பிடுவது என்ற தேர்வுகளே இங்கும் விடையை மாற்றிவிடுகின்றன.

உயிரணுக்களில் நிகழும் மாற்றங்கள் மூன்றாவது தடம். மரபணுச் சேதத்துக்கு வலுவான சான்று உண்டு என்று கூறிய முகமை, தூய கிளைபோசேட்டோடு கடைகளில் விற்கப்படும் கலவைகளையும் ஆராய்ந்தது. ஆணையம் தூய பொருளையே மையமாகக் கொண்டு, கலவைகளில் தெரியும் சேதத்துக்குத் துணைப்பொருள்கள் காரணமாக இருக்கலாம் என்றது. அத்துணைப்பொருள்களுள் ஒன்றான பாலிஎத்தாக்சிலேற்றப்பட்ட டாலோஅமீனை 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் கிளைபோசேட் கலவைகளில் தடைசெய்தது. வயலில் தெளிப்பவரின் உடலில் படுவது கலவைதான் என்பதால், இத்தடத்தில் முகமையின் பார்வையே வாழ்க்கைக்கு நெருக்கமானது.

வெளிப்படைத்தன்மையில் ஆணையம் தொடக்கத்தில் பின்தங்கியே இருந்தது. முகமை பொதுவெளியில் கிடைக்கும் தரவுகளை மட்டுமே ஏற்றது. ஆணையமோ நிறுவனங்கள் சமர்ப்பித்த, வெளியிடப்படாத ஆய்வுகளையும் பெரிதும் சார்ந்திருந்தது. கூடுதல் தரவு நல்லதே, ஆனால் பிறர் சரிபார்க்க இயலாத சான்றுக்கு முழு எடை தருவதை நான் ஏற்கவில்லை. 2019 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த ஆய்வுகளைக் காட்ட மறுத்த முடிவுகளை ரத்து செய்தது; 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய ஒழுங்குமுறை, விண்ணப்பத்தோடு வரும் ஆய்வுகளைத் தொடக்கத்திலேயே வெளியிட வழிசெய்தது. 2023இல் கிளைபோசேட்டின் அனுமதி மேலும் 10 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டபோது, கலவைகளை மதிப்பிடும் பொறுப்பு முன்போலவே உறுப்பு நாடுகளிடம் விடப்பட்டது.