1.50, 1.60, 1.74: 600 டிகிரிக்கு எந்த லென்ஸ்?

சிங்கப்பூரில் கண்ணாடி போட்ட இருவர் பேச ஆரம்பித்தால், "உங்களுக்கு எத்தனை டிகிரி?" என்ற கேள்வி எப்படியும் வந்துவிடும். லென்ஸின் திறனை அளக்கும் அலகான டயாப்டரை நூறால் பெருக்கிச் சொல்வது இந்த ஊர் வழக்கம். மைனஸ் 6 என்றால் 600. எனக்கு இரண்டு கண்ணிலும் அதுதான். கண்ணாடியைக் கழற்றினால் 17 சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாம் புகைமூட்டம்.

இத்தனை டிகிரிக்குக் கடையில் 1.50, 1.60, 1.74 என்று அடுக்குவார்கள். இவை ஒளிவிலகல் எண்கள். 1.50 பிளாஸ்டிக்குக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகும், 1.74-இல் சுமார் 1.72 லட்சம்தான். வேகம் குறையக் குறைய, வளைந்த பரப்பில் ஒளி கூடுதலாகத் திரும்பும். அதனால் அதே 600-க்கு லென்ஸைக் குறைவாக வளைத்தாலே போதும். கிட்டப்பார்வைக்குப் போடுவது குழிலென்ஸ். நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்திருக்கும். வளைவு குறைந்தால் அந்த ஓரம் இளைக்கும்.

எவ்வளவு இளைக்கும்? ஒரு கண்ணுக்கு 50 மில்லிமீட்டர் அகல வட்ட ஃபிரேம், கருவிழி சரியாக நடுவில் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். நடுவைவிட ஓரம் 1.50-இல் 3.8 மி.மீ. கூடுதல், 1.60-இல் 3.1, 1.74-இல் 2.5. சரி, பந்தயம் முடிந்தது என்று 1.74-ஐயே வாங்கினேன்.

அந்த வருஷம் சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டு பார்க்கப் போனபோதுதான் வினை தெரிந்தது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்கு உருட்டினால், ஒவ்வொரு வெள்ளை விளக்குக்கும் ஒரு பக்கம் நீலக் கரை, மறுபக்கம் ஆரஞ்சுக் கரை! லென்ஸின் ஓரம் ஒரு முப்பட்டகம் மாதிரிதான். நீலத்தைச் சிவப்பைவிட அதிகமாகத் திருப்பும். இந்த நிறப்பிரிகை எவ்வளவு என்பதை அபே எண் சொல்லும். எண் சிறுத்தால் நிறம் அதிகம் பிரியும். 1.50-க்கு 58, 1.60-க்கு சுமார் 41, 1.74-க்கு 33. எதிரொளிப்பும் கூடும்: பூச்சு இல்லாவிட்டால் 1.50-இன் ஒரு பரப்பில் 4 சதவீத ஒளி திரும்பிவிடும், 1.74-இல் 7.

கடைக்காரர் சொல்லாமல் விட்ட விஷயம் ஃபிரேம். ஓரத் தடிமன், நடுவிலிருந்து ஓரம் வரை உள்ள தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஃபிரேமை 50-இலிருந்து 44-க்கு இறக்கினால், சாதாரண 1.60-இலேயே 2.4 மி.மீ.தான் வரும். பெரிய ஃபிரேமில் போட்ட 1.74-ஐவிட மெல்லிசு, நிறக் கரையும் குறைவு! காதில் மாட்டும் கம்பியின் உட்பக்கம் இந்த அகலம் அச்சடித்திருக்கும், பாருங்கள்.

200, 250 டிகிரிக்காரர்கள் 1.50-ஐத் தாண்ட வேண்டியதே இல்லை. ஓடியாடும் பிள்ளைகளுக்கு பாலிகார்பனேட். அதன் அபே எண் 30தான் என்றாலும் லேசில் உடையாது.

இன்னொன்று. கண் சிறுத்துத் தெரிவதை 1.74-உம் மாற்றாது. லென்ஸ் விழியிலிருந்து சுமார் 12 மி.மீ. தள்ளி நிற்பதால் எனக்கு உலகமே 7 சதவீதம் போலச் சுருங்கித் தெரிகிறது. அதற்குக் கான்டாக்ட் லென்ஸ்தான் வழி.

இப்போது என் மூக்கில் 44 ஃபிரேம், 1.60 லென்ஸ். "உங்க முகத்துக்கு அந்தப் பெரிய ஃபிரேம்தான் எடுப்பா இருந்துச்சு" என்று வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.