பூதக்கண்ணாடி வைத்துப் படித்த 'செட்'

"சிமென்ட் செட் ஆகுது, சூரியனும் செட் ஆகுது, செட் தோசைன்னு வேற சொல்றோம். எல்லாம் ஒரே செட்டா மிஸ்?" டியூஷனில் ஒரு பெண் கேட்டாள். வீட்டில் இருந்த அகராதிகளில் அர்த்தங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படிக் கிளைத்தது என்பது இல்லை. அதற்காகவே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1971 காம்பாக்ட் பதிப்பைத் தேடிப் பிடித்து, பழைய புத்தகக் கடையில் 4,000 ரூபாய்க்கு வாங்கினேன்.

இரண்டே தொகுதி. பொருளில் சுருக்கம் ஏதும் இல்லை, எழுத்துதான் சிறியது. பழைய பெரிய அகராதியின் நான்கு பக்கங்களைப் படமெடுத்துக் குறுக்கி ஒரே பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள். வெறும் கண்ணுக்கு எறும்புச் சாரைதான். பெட்டியின் இழுப்பறையில் பூதக்கண்ணாடி இருக்க வேண்டும். எனக்கு வந்த இழுப்பறை காலி. கடைக்காரர் முதலிலேயே சொல்லியிருக்கலாம். தனியாக ஒன்று வாங்க வேண்டியதாயிற்று.

'செட்' இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. வினைச்சொல்லுக்கு மட்டும் 154 எண்கள். கடைசி எண் 'செட் அப்'. அதன் உட்பிரிவுகள் ஏ முதல் இசட் வரை போய், எழுத்து தீர்ந்து, மறுபடி ஏஏ, பிபி என்று தொடங்கி ஆர்ஆர் வரை நீள்கின்றன. இந்தப் பகுதிக்கு ஆசிரியர் ஹென்றி பிராட்லி. ஷெஃபீல்டில் கத்தி வியாபார நிறுவனம் ஒன்றில் இருபது வருடம் குமாஸ்தாவாக இருந்து, மொழிகளைத் தானே படித்துக் கற்றவர். அவர் உழைப்புக்கு நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பதிவின் தலையிலேயே மூலம் இருக்கிறது: பழைய ஆங்கில 'செட்டன்'. 'சிட்' என்பதன் பிறவினை. கண்ணாடியை நகர்த்தாமல் அந்த வரியை மூன்று தடவை படித்தேன். நம்முடைய இரு – இருத்து அல்லவா இது! 'லை – லே' என்பது கிட – கிடத்து. 'ஃபால் – ஃபெல்' என்பது வீழ் – வீழ்த்து. வீட்டுக்கு வந்தவரை "இருங்க" என்று உட்காரச் சொல்கிற ஊர்க்காரி நான். எனக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். பிசகிய எலும்பை, எலிப்பொறியை, கடிகாரத்தை செட் பண்ணுவதெல்லாம் அதனதன் இடத்தில் இருத்துவதுதான். குழைத்த சிமென்ட் அசையாமல் இருந்துவிடுகிறது. சூரியன் கீழே இறங்கி அமர்கிறது.

செட் தோசையின் வழி வேறு. அந்தப் பெயர்ச்சொல் லத்தீன் 'செக்டா'விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவரைப் பின்பற்றும் கூட்டம் என்று பொருள். "நம்ம செட்டுப் பசங்க" என்கிறோமே, அதுதான் மூலத்துக்குக் கிட்டே நிற்கிறது. பிறகு வினைச்சொல்லோடு கலந்து, இரண்டும் ஒரே சொல் போல ஆகிவிட்டது.

கம்ப்யூட்டர் காலத்துப் பொருள்கள் இதில் கிடையாது. 1989-இன் இரண்டாம் பதிப்பில் 'செட்' 430 பொருளோடு முதலிடத்தில் இருந்தது; பின்னால் இணையப் பதிப்பில் 'ரன்' 645 பொருளோடு அதை முந்திவிட்டது. அதெல்லாம் வேண்டுமென்றால் சந்தா கட்டித்தான் பார்க்க வேண்டும். ஒரு தொகுதியை ஒற்றைக் கையால் தூக்க முடியாது, மேஜை அவசியம். ராத்திரி விளக்கில் கண் வலிக்கிறது, பகலில் ஜன்னலோரம் சௌகரியம்.

சொல்லின் வேரைத் தேடுகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.